பல் கணக்கு

கல்லஸ்தே ஊரில் பல் வைத்தியம்
வாரத்துக்கு இரண்டு நாள்தான்.
ஏழு நாளும் அங்கே குடியிருந்தது என் பூண்டு,
குளிர்பெட்டியில்
மரத்துப்போகும் ஊசிமருந்துக்குக் கீழ்த்தட்டில்.

டாக்டர் ஹெல்யே திறந்து பார்த்துக் கேட்டார்:
யாருடைய பல் இது?
என்னுடையது, என்றேன்.

அக்டோபரிலேயே நட்டிருக்க வேண்டும்.
அக்டோபரில் நான் டார்ட்டூ ஆஸ்பத்திரியில்
கல்லடைத்த பித்தப்பையோடு கிடந்தேன்.
வீடு திரும்பியபோது மண் இறுகி
மண்வெட்டி மணியடித்தது.
பெய்ப்ஸி ஏரி மேல் ஆட்கள் துளையிட்டு
மீனுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

ஆகவே ஏப்ரலில், நான்கு வரிசை.
ஒன்று, ஏழு வாரம் குளிரில் இருந்தது.
இன்னொன்று அடுப்புக்கு மேல் அலமாரியில்
கதகதப்பாய்ச் சும்மா கிடந்தது.
மூன்றாவதும் குளிர்கண்டதுதான்,
நடுவதற்கு முந்திய இரவு முழுக்க ஊறியது.
நான்காவது ஸினோவிக்காக.
தோலை உரித்து நடு,
சட்டையைப் போட்டுக்கொண்டு யாராவது குளிப்பார்களா
என்பார் அவர், வேலிக்கு அந்தப் பக்கம்
வெங்காய மேடுகளுக்கு நடுவே நின்று.

உரித்தவை ஐந்து நாள் முந்திக்கொண்டன.
ஸினோவி அதற்காகத் தொப்பியையே கழற்றினார்.
அப்புறம் விடாத மழை.
விரல் விட்டுத் தோண்டினேன்:
பதினாறில் ஏழு கூழ்.
அந்த வாடை எனக்குப் பழக்கம்,
சொத்தைப் பல்லைத் திறக்கும் முதல் நொடி.
அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டில் பிடுங்கினேன்.
குளிர்கண்டது எட்டாய், ஒன்பதாய்ப் பிரிந்திருந்தது.
அடுப்போரம் சுகமாய் இருந்தது
பிரியவே தெரியாமல்
ஒவ்வொன்றும் ஒற்றை உருண்டை.
குளிர்பட்டால்தான் குடும்பம் பெருகும் என்று
ஒரு பழமொழி கட்டப் பார்த்தேன்.
வேண்டாம்.
உருண்டைகள் ருசியாக இருந்தன,
உரிக்கவும் சுலபம்.

ஊறவைத்ததா? ஊறாததைப் போலத்தான்.
அந்த ஒரு கிண்ணம் தண்ணீரை
அவ்வளவு நம்பியிருந்தேன்.

நோட்டில் எழாதது ஒன்று உண்டு.
நடும் நாள் காலை கிளினிக் படியில் பெட்டி நழுவி
பன்னிரண்டு பல் நசுங்கின,
ஒன்றின் மேல் என் செருப்பே ஏறியது.
எறிய மனமில்லை.
வேலிக் கம்பிக்கு அடியில், பாதி அவர் மண்ணில்,
கட்டைவிரலால் அமுக்கினேன்.
குச்சி நடவில்லை, பெயர் எழுதவில்லை.

இன்று ஸினோவி வந்தார்
கையில் ஒரு கட்டுப் பூண்டு, கைமுட்டி அளவு.
வேலியோரம் முளைத்ததாம்.
பார்த்தாயா, உன் உரித்த பூண்டுதான்
என் பக்கம் ஓடி வந்திருக்கிறது, என்றார்.

ஒன்றைப் பிரித்துத் தடவினேன்.
நசுங்கிய தடம் எங்கும் இல்லை.
ஒருவேளை அது நசுங்கியதாலா,
வேலியோரம் தண்ணீர் தேங்காததாலா,
அவர் போடும் மீன்குடல் உரத்தாலா?

ஆமாம், உரித்ததுதான், என்றேன்.
சிரித்தார்.
முன்பல் இரண்டு எங்கள் கிளினிக்கில் கட்டியவை.
எவை என்று
ஹெல்யேவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.