தடைக்காலம்

விசைப்படகுகளைக் கட்டிப்போடும் வாரத்தில்தான்
நானும் வந்து சேர்கிறேன், நாலு வருஷமாக.
திட்டமெல்லாம் இல்லை. டிக்கெட் மலிவு.
சித்திரை வெயிலை எழுதச் சொல்லி
எந்தப் பத்திரிகையும் காசு தருவதில்லை.

காசிமேட்டில் ஒரு மொட்டைமாடி அறை.
பெட்டியைத் திறந்தால் கம்பளி, பாச்சை உருண்டை.
ஜன்னலைத் திறந்தால் மணலி கேஸ் வாடை.
இரண்டும் நடு அறையில் சந்தித்து
நீ யாரு என்று கேட்டுக்கொள்ளும்.

எப்ப வந்தே என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
கீழ்வீட்டு டெல்பின் கேட்பது
"எப்ப கெளம்புறே?"

தை மாதம் ஹனோய், தூறலோடு.
பங்குனியில் திபிலீசி. வாதுமை பூத்திருக்கும்.
ஆனி ஆடி நார்வே:
இருட்டாத ராத்திரியில்
ஜன்னலுக்குப் போர்வை மாட்டித் தூங்குவேன்.
ஐப்பசியில் எங்காவது ஒரு மலை.

எல்லா ஊரையும்
அதனதன் நல்ல மூன்று வாரத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்,
கல்யாணத்தில் மட்டும் பார்க்கிற சொந்தக்காரர்களைப் போல.
பட்டுப்புடவையில் தெரியும் அவர்களை.
பல்வலியில் தெரியாது.

இந்த ஊர் நேர்மாறு.
பிறந்த ஊர்தான், ஆனாலும்
இதன் கத்திரி மட்டுமே எனக்குக் கிடைக்கிறது.
மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் நிற்க
ஆட்கள் நிழலில் உட்கார்ந்திருக்கும் மாதம்.

கோட்டைத் தேய்க்கக் கொடுத்தேன்.
இஸ்திரி வண்டி வேதமாணிக்கம் இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார்.
"இன்னாம்மா, ஆட்டுக்குட்டி வெயிட்டு கீது."
உள்பக்கம் திருப்பி, ஈரத்துணி விரித்து,
நாற்பத்தோரு டிகிரியில், கரிப்பெட்டியோடு,
பனிக்காக நெய்ததை நீவிக்கொடுத்தார்.
பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது.
எந்த எழுத்து என்று கேட்டார்.
ஜார்ஜியா எழுத்து என்றேன்.
"ஜிலேபி மாரி கீது" என்று
அதையும் ஒரு இழுப்பு தேய்த்துத் தந்தார்.

ஆசிரியரிடமிருந்து மெயில்:
வடசென்னையில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்.
உன் ஊர்தானே, ஒரே நாளில் முடித்துவிடு.

ஒன்று: கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்.
திறந்திருக்கும் நேரம்: தெரியாது.

அதோடு நிற்கிறது.

இறால் உரிக்கும் வேலை இல்லாத டெல்பின்
மாடிப்படியில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
ஓட்டை விழுந்த நுனிகள் இப்போதுதான் மூடுகின்றனவாம்.
"தடைக்காலத்துக்கு எங்களுக்கு நிவாரணம் வரும்.
உனுக்கு யாரு தர்றா?"
யோசித்துப் பார்த்தேன்.
போன தையில் எழுதியதற்கே இன்னும் வரவில்லை என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

தூக்கம் வராத ராத்திரிகளில்
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசையோரம் நடப்பேன்.
அரியலூர்க்காரர் ஒருவர் வண்டி அடியில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.
துறைமுகத்துக்குள் போக மூன்றாம் நாள்.
பெட்டி மேலிருந்த ஊர்ப்பெயரைக் காட்டி
இங்கே நான் போயிருக்கிறேன் என்றேன்,
கொஞ்சம் பெருமையாகத்தான்.
"அப்படியா? இருபத்தெட்டு வருஷமா இழுக்கறேன்,
ஒரு பெட்டியக்கூட தொறந்து பாத்ததில்ல."
ஒரு டம்ளர் ரசம் ஊற்றிக் கொடுத்தார்.
மிளகு தூக்கல்.

தடை முடிவது ஜூன் பதினாலு நள்ளிரவு.
என் விமானம் எப்போதும் பதிமூன்று.
படகுகள் போவதை நான் பார்த்ததே இல்லை.

இந்த வருஷம் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.
அதற்கு அபராதம், ஒரு கட்டுரைப் பணம்.
டெல்பினிடம் இன்னும் சொல்லவில்லை.
ஐஸ் உடைக்கிற சத்தம் இப்போதே கேட்கிறது.
கீழே அவள், வாசலில்,
பழைய கையுறைகளை ஒவ்வொன்றாக ஊதி
எதில் காற்று நிற்கிறது என்று பார்க்கிறாள்.