நாங்களா, நாமா

எங்கள் வீடு மூன்றாம் வரிசை.
இருந்த இடத்தை விட்டு நகரவேயில்லை.
இன்று முதல் வரிசை.

அமாவாசை கழிந்த மறுநாள், வள்ளவிளையில்
தூண்டில் வளைவு அளக்க வந்த எலியாவு சார்
இன்று வேலை இல்லை என்றார்.
பறவூர்க்காரர், யூதர்.
அவர்களுக்கு வருஷம் பிறந்த நாளாம்.
"மீன் உள்ள தண்ணி வேணும், டெல்பின்."
சிரித்துவிட்டேன்.
மூன்று ராத்திரி தங்கிப் பிடித்து
என் தம்பி கொண்டுவந்தது அரைப்பெட்டி சாளை.

கல்லின்மேல் நின்று
சட்டைப்பையை வெளியே இழுத்து உதறினார்.
நூல், தூசி, கடலைத்தோல்.
"ஒரு வருஷப் பாவம் இவ்வளவுதானா?"
"உதறுறது ஞாபகத்துக்கு.
திருத்துறது நாளைக்கு, வேலைக்கு வரும்போது."

என் பையில் எடைச்சீட்டுகள்.
எல்லாவற்றிலும் என் கையெழுத்து.
முப்பத்திரண்டு டன், முப்பத்தைந்து,
நாற்பதை முப்பது என்று எழுதியவையும் உண்டு.
அவர் நின்ற கல்லும் அப்படி வந்ததுதான்.
மலையாக இருந்தபோது
அதன் தோளில் மேகம் இறங்கினால்
துணி எடுக்க ஓடுவோம்.
இப்போது மேகம் இடறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

கடல் ஏறியது, மலையை உடைத்தோம்.
இனி எதை உடைப்போம்?

பத்தாம் நாள் பட்டினி கிடந்து
நெஞ்சில் தட்டிச் சொல்வார்களாம்,
முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை:
செய்தோம், செய்தோம், செய்தோம்.
பூசையில் நாங்களும் தட்டுவோம்.
ஆனால் எங்களுடையது 'என்' பாவம்,
ஓராள் அளவு.

"செய்தோம்னா, நாங்களா, நாமா?"
ஓர் அலை வந்து திரும்பும்வரை யோசித்தார்.
"எபிரேயத்துக்கு அந்த வித்தியாசம் இல்லை.
மலையாளத்துக்கு உண்டு."
பிறகு மெதுவாக,
"சொல்றது அவன்கிட்ட.
நாம்னு சொன்னா அவனும் கூட்டாளி ஆயிடுவான்.
நாங்கள்தான். இதுல அவன் கை இல்லை."

புயலில் போன சூசைமரியான் சித்தப்பாவுக்கு
எல்லாரும் தேவசித்தம் என்றபோது
தலையாட்டியவள் நான்.

ராத்திரி எடைமேடையில் முதல் லாரி ஏறியது.
நாற்பத்தொன்று.
டிரைவர் வழக்கம்போல் கண்ணடித்தான்.
நாற்பத்தொன்று என்றே எழுதினேன்.
"இதுல யாருக்குக்கா லாபம்?"
நமக்கு என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவனையும் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

மலை இன்னும் லாரியில்தான் இருந்தது.