டிசம்பரில் ஏசி சொட்டும் வீடுகள்

குதைபியாவில் டிசம்பரிலும்
ஏசி சொட்டும் வீடுகள் மூன்று.
வெள்ளிக்கிழமை எமர்ஜென்சி டூட்டி என் கையில்.
வண்டியை பேக்கரி முக்கில் நிறுத்திவிட்டு
ஏணியும் ஸ்பானருமாகப் படியேறுகிறேன்.
வாட்ச்மேன் தலைநிமிர்வதில்லை.
நீலச் சட்டைக்காரனுக்கு
இந்த ஊரில் முகம் கிடையாது.
அது ஒரு வசதி.

பையின் அடியில் பில்டர் துணியில் சுற்றி
சர்க்கரை மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து,
பக்கீர் மைதீன் கேட்ட பொடிமட்டை.
செய்திகள் மட்டும் பையில் இல்லை.
எழுதின எதையும் சுமக்கக் கூடாதென்று
எங்களுக்குள் பேச்சு.

ஞானதிரவியம், அறுபத்தொன்பது,
கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வெல்டர்.
இரண்டு கண்ணிலும் புரை.
கதவைத் தாழிட்டதும் ‘வாசி’ என்பார்.
ஏணியில் நின்று, மூடியைக் கழற்றி,
பழுதே இல்லாத அந்த வாய்க்குள் பார்த்தபடி
வாசிக்கிறேன்:

முஹரக்கில் செல்லையா மீசையை எடுத்துவிட்டார்.
சமையல்கார இலியாசுக்கு விசா இன்னும் ஒரு வருஷம்.
ஹமத் டவுன் லாண்டரியில் மேகலையை
(பாஸ்போர்ட்டில் வேறு பெயர்)
முதலாளி நிறுத்தவில்லை,
கவுண்டரிலிருந்து இஸ்திரி மேசைக்கு மாற்றியிருக்கிறார்.
ரிஃபாவில் இரண்டு பேருக்குப் பேச்சில்லை.
காரணம் ஒரு சட்டை.

‘என்ன நிறம்?’

தெரியாது என்றேன்.

‘அப்புறம் என்னய்யா செய்தி’
என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.
சொட்டு மருந்துக்கு மட்டும் முகத்தைக் காட்டினார்.

பக்கீர் மைதீன் வீட்டில் வாசிப்பதில்லை.
சவரிநாயகம் போய் இரண்டாவது டிசம்பர்.
சல்மானியா ஆஸ்பத்திரியில்
உறவு என்ற கட்டத்துக்கு நேரே
நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.
ரூம்மேட் என்று சொன்னார்.
அவள் எழுதிக்கொண்டாள்.
எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.
பெட்டி தூத்துக்குடிக்குப் போயிற்று,
சம்சாரம் கையெழுத்துப் போட்டு வாங்கினாளாம்.

இங்கே ஏசி நிஜமாகவே ஓடுகிறது.
பத்தொன்பதில்.
வெளியே ஸ்வெட்டர் போட்டுப் போகிறார்கள்,
உள்ளே இவர் இரண்டு கம்பளிக்குள்.
‘இருபத்துநாலில் வைத்தால் பில் குறையும்’
தொழில் புத்தியில் சொல்லிவிட்டேன்.

சிரித்தார். பல்செட் இல்லாமல்.
‘அதுக்குத்தான் இருபத்தாறு வருஷம் சண்டை.
இருபத்துநாலு என் கட்சி.’

ரிமோட் டிவி மேல், பிளாஸ்டிக் உறையில்.
நான் தொடவில்லை.
பொடிமட்டையை வைத்துவிட்டு இறங்கினேன்.

மூன்றாவது வீடு எதுவென்று
எனக்கே போன வாரம்தான் தெரியும்.
ராத்திரி பத்தரைக்கு மணி அடித்தது.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பையன்,
முதுகில் சாப்பாட்டுப் பெட்டி.
நான் ஆர்டர் பண்ணவில்லையே என்றேன்.
‘தெரியும் அண்ணே. மேகலை அக்கா அனுப்பினவ.
ஐம்பத்தெட்டு, தனிய இருக்கிற ஆள் எண்டு
உங்கட பேரும் சொன்னவ.’

மட்டக்களப்புப் பேச்சு.
கோபம்தான் முதலில் வந்தது.
பட்டியலைப் போட்டவர்களில் நானும் ஒருவன்.
ஐம்பத்தைந்து என்று கோடு கிழித்தபோது
எனக்கு ஐம்பத்திரண்டு.

பெட்டிக்குள் இடியாப்பமும்
பிரஷர் பார்க்கிற கருவியும்.
கையில் பட்டையைச் சுற்றிவிட்டு
மேலே பார்த்தான்.
‘அண்ணே, உங்கட ஏசி சொட்டுது.’

சொட்டியது.
சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்று
வருஷம் முழுக்க ஓடவிடுகிற பழக்கம்.
எத்தனை நாளாய்ச் சொட்டுகிறதோ,
தலையணையின் ஒரு மூலை கறுத்திருந்தது.

நூற்று ஐம்பதுக்குத் தொண்ணூற்றைந்து.
அவனுக்கு இன்னும் மூன்று டெலிவரி.
வாசலில் நிறுத்திக் கேட்டேன்,
ரிஃபாவில் என்ன ஆச்சு?

‘அவங்க கதைக்கினம் அண்ணே, இப்ப நல்லம்.’

சட்டை என்ன நிறம்?

‘எந்தச் சட்டை?’ என்றான்.