கணுக்கால் இடைவெளி

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடமொன்றின்
மேல்மாடி நடன அறை.
மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றுகிறது.
சுவர் முழுக்கக் கண்ணாடி.
மூடச் சொல்லியிருந்தேன், துணி பாதிக்குத்தான் காணும்.
கீழ்ப்பாதி திறந்து கிடக்க
கால்கள் மட்டும் இரட்டையாய்த் தெரிகின்றன.

சப்பாத்தைக் கழற்று. நேரே பார்.
முழங்கால்கள் மெல்லத் தொடட்டும், நெருக்காதே.
காலையிலிருந்து எண்பது தடவை சொல்லியாயிற்று.
முழங்கால்கள் தொட்டபடி நிற்கையில்
கணுக்கால்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன,
சென்ரிமீற்றரில், ஒரு தசமத்துக்கு.
தராசு பூச்சியத்தில் நிற்பதில்லை.
எல்லாரிடமிருந்தும் அரைக் கிலோ கழிக்கிறேன்.

தரம் ஆறு, சீ பிரிவு.
மெலிந்தவர்கள் தராசில் குதித்து ஏறுகிறார்கள்.
மற்றவர்கள் ஒரு காலை வைத்து
என் முகத்தைப் பார்த்து
அடுத்த காலை வைக்கிறார்கள்.
பவிஷன் மூச்சை இழுத்து வயிற்றை ஒளித்தான்.
"மிஸ், காத்துக்கும் நிறை இருக்கா?"
இருக்கிறது என்றேன்.
உடனே விட்டுவிட்டான் முழுவதையும்.

பிறகு ஜெனிற்றா.
அவளுக்கு முன்னால் அவள் சத்தம் வந்தது.
கவுணுக்குள் தொடையும் தொடையும் உரசும்
ஸ்ஸ்க், ஸ்ஸ்க்.
வரிசை அதை வாயால் திருப்பிச் செய்தது.
அவள் திரும்பவில்லை.

எண்ணை உரத்துச் சொல்லக் கூடாதென்று
பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.
சொல்லவில்லை.
பென்சில் நகர்வதைப் பார்த்தே
பின்னால் நின்றவள் வாசித்து
அதற்குப் பின்னால் நின்றவளுக்குக் கொடுத்தாள்.

முழங்கால்களைத் தொடச் சொல்லத் தேவையிருக்கவில்லை.
குனிந்தேன்.
வியர்வையில் குழைந்த பௌடர்
தொடையிலிருந்து வழிந்து
காலுறை விளிம்பில் வெள்ளைக் கோடாய் நின்றது.
பதினொன்று தசம் நான்கு.

சுவரோரம் அவளுடைய சப்பாத்துகள்,
உள்பக்கக் குதி மட்டும் தேய்ந்து
ஒன்றின் மேல் ஒன்று சரிந்தபடி.
"தவணைக்கு ஒரு சோடி வேணும் மிஸ்.
அப்பா ஏசுவார்.
என்னை இல்லை, சப்பாத்தை."

காலையுணவு?
"வேனில பிஸ்கட்."
ஆம் என்று அடையாளமிட்டேன்,
பிஸ்கட்டும் உணவென்கிறது வழிகாட்டிக் குறிப்பு.
விளையாட்டு?
"ஃபிளாட்டுக்குக் கீழ கார் விடுற இடம் மிஸ்.
படியில ஏறி இறங்குவன்.
ரியூஷன் இல்லாத நாள் மட்டும்."

இறங்கும்போது கேட்டாள்:
"பாரத்தாலயா மிஸ் கால் இப்பிடி?
இல்லாட்டி, கால் இப்பிடி எண்டு நான் ஓடாம,
ஓடாததால பாரம் வந்ததா?"

என் தாளில் பன்னிரண்டு நிரல்கள்.
நடந்து வருகிறாயா, பஸ்ஸா, ஓட்டோவா என்றுகூட ஒன்று.
"அதைத்தான் பாக்கிறம்" என்றேன்.
வாயில் வந்த நேர்மை அவ்வளவுதான்.
"பாத்திட்டுச் சொல்லுவீங்களா?"
பெயர் எழுதாத தாளைப் புரட்டினேன்.

இடைவேளை மணி.
வரிசை உடைந்து கன்ரீனுக்கு ஓடியது.
கடைசியாய் அவள்,
கைப்பிடியைத் தடவியபடி இறங்கி
யாருமில்லை என்று நினைத்து
கடைசி மூன்று படிகளையும்
ஒரே பாய்ச்சலில் பாய்ந்தாள்.
பலகை அதிர்ந்தது.
விழவில்லை.

கதவைச் சாத்தினேன்.
நாடாவைத் தரையில் விரித்து
கண்ணாடிக்கு முன் நின்றேன்.
பள்ளியில் எனக்குக் கத்தரிக்கோல் என்று பெயர்.
முழங்கால்கள் தொட்டன.
எண்ணைப் பார்க்கக் குனிந்தால் விலகின.
நிமிர்ந்தால் தொட்டன, எண் தெரியவில்லை.
இதை அளக்க
இன்னொருவர் முழந்தாளிட வேண்டும்.

கண்ணாடியில் பார்த்தேன்.
இலக்கங்கள் இடம்வலம் மாறிக் கிடந்தன.
ஏழா, எட்டா என்று
தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கையில்
கதவைத் தட்டிற்று
தரம் ஏழு, ஏ பிரிவு.