மீட்டர் முறை

இன்று என் முறை.
கொருக்குப்பேட்டை, மூன்றாம் மாடி,
துணிக்கொடியில் தொங்கும் டெசிபல் மீட்டர்.

பதினொன்று ஐம்பது: சக்கரம் கடையும் சத்தம். எழுபத்தெட்டு.
ஒன்று இருபது: யாரோ இரும்பைப் போட்டுவிட்டார்கள்,
எண்ணைப் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டது.
இரண்டு பத்து: ஹாரன் சோதனை. தொண்ணூற்றொன்று.
நான் நோட்டில் எழுதும் முன்பே
கீழ்வீட்டு ஜெசிந்தாவின் கைக்குழந்தை
அதை வாசித்துவிட்டது.

பத்து மணிக்கு மேல் ஹாரன் இல்லையென்று
கையெழுத்துப் போட்ட அதிகாரி
மாதக் கூட்டத்துக்கு வருவது பகல் மூன்றுக்கு.
"எங்கேங்க சத்தம்?" என்பார்.
அவருக்கு ஒரு பாய் எடுத்து வைத்திருக்கிறோம்.

மூன்று நாற்பது.
ஷெட்டில் யாரோ சிரிக்கிறார்கள்,
டீ வந்திருக்கும்.
என் தம்பி லோகுவின் சிரிப்பு அது.
ஐம்பத்திரண்டு.
எழுதவில்லை.

ஹாரன் அடித்ததும் அவன்தான்.
அந்த வரியை
நான் அடிக்கவில்லை.