மஞ்சள் பொட்டு

சீட்டைத் தூக்கினால் எஞ்சின்,
ஆம்னியில் அது ஒரு வசதி.
தூக்கியதும் முதலில் தெரிந்தது சீப்புச் சீடைத் தூள்,
அப்புறம் ஒரு ரப்பர் பேண்டு,
அப்புறம் கோட்டையூர்ச் சாலையின் செம்மண்.

“மேட்டுல ஏறமாட்டேங்குது, அடைக்கலண்ணே.
நிக்கும்போது உடம்பு உதறுது.
செக்காலையில ஒருத்தர் சத்தத்தக் கேட்டுட்டு
எஞ்சின் வேலை, நாப்பதாயிரம்னாரு.”
உமையாள் சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள்.
நாளை தேவகோட்டையில் கல்யாணம்.
பன்னிரண்டு டின் மணகோலம், நாலு டின் தேன்குழல்.

பிளக்குகளைக் கழற்றினேன்.
ஒன்றும் இரண்டும் செங்கல் நிறம்.
மூன்றாவது நனைந்து கறுத்திருந்தது.

கேஜைத் திருகி, “அடிங்க” என்றேன்.
வெளியே நின்றபடியே குனிந்து
ஒரு கையால் ஆக்ஸிலேட்டரை அமுக்கி
மறு கையால் சாவியைத் திருப்பினாள்.
முள் படிப்படியாக ஏறியது: நூற்று அறுபது.
அடுத்தது, நூற்று ஐம்பத்தெட்டு.
மூன்றாவதில் நாற்பது வரை வந்து
அங்கேயே உட்கார்ந்துகொண்டது,
பந்தியில் எழுந்திருக்க மனமில்லாதவர் மாதிரி.

ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன்.
ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் சந்தை அடைக்கும்,
முள் மேலே போகும்.
போகவில்லை.
“நாப்பதாயிரம் இல்ல” என்றேன்.
“அப்ப எவ்வளவு?” என்றாள்.

பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் காற்றை ஏற்றினேன்.
இனி காதுக்குத்தான் வேலை.
ரேடியேட்டரில் குமிழி இல்லை.
கார்புரேட்டர் வாயில் ஒன்றும் இல்லை.
எண்ணெய் ஊற்றும் துளையில் ஒரு பெருமூச்சு,
அது எல்லா வண்டிக்கும் உண்டு.

“இங்க வருதுண்ணே.”
பின்னால் குந்தியிருந்தாள்,
சைலன்சர் வாயில் உள்ளங்கை.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில்
முகப்பில் நின்றால், நிலை நிலையாய்த் தாண்டி
பின்தெருவில் போகும் மாடு தெரியும்.
அப்படித்தான், நான் இங்கே ஏற்றிய காற்று
அங்கே அவள் கையில்.
நடுவில் ஏதோ ஒரு கதவு சாத்தவில்லை.

மேல்மூடியைத் திறந்தேன்.
மூன்றாவது எக்ஸாஸ்ட் டேப்பட்.
புள்ளி இரண்டு தகடு நுழைய வேண்டும்.
நுழையவில்லை.
புள்ளி ஒன்று. அதுவும் இல்லை.

நட்டின் மேல் மஞ்சள் பொட்டு.

நான் முறுக்கும் எதற்கும் பெயிண்டில் பொட்டு வைப்பேன்,
பிறகு எவனாவது தொட்டுவிட்டு
என் தலையில் கட்டக் கூடாதே என்று.
பொட்டு இம்மியும் பிசகாமல் இருந்தது.
எவனும் தொடவில்லை.

ஆடியில், கரண்ட் போன ஒரு சாயங்காலம்,
செல்போனைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டைத் தகடு வைத்துப் பார்த்தேன்,
மூன்றாவதைக் கைக்கணக்கில் முடித்தேன்.
அன்றைக்கு அப்படி என்ன அவசரம்?
நினைவில்லை. அதுதான் எரிச்சல்.

அவள் இன்னும் பின்னால்தான் இருந்தாள்.
வால்வு போச்சு, ஐயாயிரம் என்றால்
கும்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போவாள்.
தின்னர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது,
துணியும்.

தளர்த்தினேன். தகடு வைத்தேன். முறுக்கினேன்.
“இன்னொரு தரம் அடிங்க.”
நூற்றுப் பத்து. அதற்குமேல் அசையவில்லை.
மூன்று மாதமாய் அந்த விளிம்பு வழியே நெருப்பு வெளியேறி
வால்வின் ஓரத்தைத் தின்றிருக்கிறது.
ஹெட்டை இறக்கியே ஆகவேண்டும்.

“யாரு பாத்த வேலைண்ணே இது?”

“நான் பாத்ததுதான்.”

பொட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
“அதான் ஆடியிலேருந்து பெட்ரோலா குடிச்சுது” என்றாள்.
“அதையும் என் கணக்குல எழுதுங்க.”
“எழுதாம?”

நாளைக்கு மச்சானின் ஆட்டோ டின்களோடு தேவகோட்டை போகும்,
வாடகை என்னுடையது என்றேன்.
அதற்கும் தலையை ஆட்டினாள்.
டேஷ்போர்டிலிருந்து நோட்டை எடுத்து
கவிழ்த்த ஆயில் டின்மேல் உட்கார்ந்தாள்.

ஹெட் போல்ட்டுகளை
ஓரத்திலிருந்து உள்நோக்கித் தளர்த்த ஆரம்பித்தேன்.
முதல் போல்ட் கிரீச்சிட்டது.

அவள் நிமிராமலே கேட்டாள்:
“ஆடி மாசம் லிட்டர் என்ன வெலைண்ணே?”