ஜீரோ கேட் வரிசை

முன்னால் நிற்கும் டிரெய்லரின் முதுகில்
எழுதியிருப்பதைப் பதினோராவது தடவை படிக்கிறேன்.
நேற்று மதியம் திருவொற்றியூரில் மாட்டிய வண்டி.
இடப்பக்கம் கடல் கற்களை இடித்துக்கொண்டே இருக்கிறது.
இந்த ரோட்டில் அசைவது அது ஒன்றுதான்.

டெல்பினுக்கு ஏழு வயசு.
பார்க்கிறவர்கள் நாலு என்பார்கள்,
நான் திருத்துவதில்லை.

அடைப்பு எதுவும் இல்லை என்றார் டாக்டர்,
மூன்று முறை படம் எடுத்துப் பார்த்துவிட்டு.
வழி திறந்துதான் இருக்கு,
தள்ளுறதுக்குக் குடலுக்குத் தெம்பு இல்லை.
ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை.
எனக்கு உடனே புரிந்தது.
கேட் திறந்திருக்கும், வண்டி போகாது.

அதற்கு முன்பே காசிமேட்டில் ஒருவர் தொக்கம் எடுத்து
கறிவேப்பிலைக் காம்பு ஒன்றைக் காட்டியிருந்தார்,
இருநூறு ரூபாய்.
குடலேத்தம் என்று செரியன் நகர் அம்மா
விளக்கெண்ணெய் போட்டு நீவியிருந்தாள்.
வயிறு இறங்கவில்லை.
கேரம் காய் சுண்டுவதுபோல் ஒருநாள் சுண்டிப் பார்த்தேன்,
டொங்கென்றது.
அவள் சிரித்தாள்.
அப்புறம் நான் சுண்டவே இல்லை.

கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால்
வேன் பிடித்து வந்து இறங்குவார்களே, அப்படி
இந்த நோயும் தனியாக வரவில்லை.
மூத்திரப்பையும் தள்ள மறந்தது:
நாலு மணிக்கொரு தடவை டியூப்,
இன்டர்வெல் மணிக்கு முன்பே பள்ளிக்கூட வாசலில் ஜெசிந்தா.
தேங்கிக் கிடந்ததில் கிருமி பெருகித் தின்றது,
அது தின்ற மிச்சம்தான் பிள்ளைக்கு.
ரத்தம் வெளுத்தது.
கட்டிலிலிருந்து இறங்கியதற்கே காலெலும்பு கீறியது.
சரி, ரத்தக்குழாய் வழியாகவே சோறு என்று
நெஞ்சில் குழாய் வைத்து
பால் நிறத்தில் ஒரு பையைத் தொங்கவிட்டார்கள்.
குழாய் வழியே ரெண்டு தடவை காய்ச்சல் ஏறியது.
இப்போது ஈரலையும் பார்க்க வேண்டுமாம்.

எழும்பூர் வார்டில் இது இருபத்து மூன்றாவது நாள்.
பக்கத்துக் கட்டில்காரர் தூக்குவாளியைத் திறந்தால்
கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள்:
"சங்கரா. புளி கம்மி."
வாயில் வைக்கக் கூடாது.
மோந்து பார்க்கலாம் என்று
டாக்டரிடமே அனுமதி வாங்கி வைத்திருக்கிறாள்.

மூணே கால் மணிக்கு போன்.
வயிறு அதிர எடுத்தேன்.
ஜெசிந்தா குசுகுசுவென்று,
"ஏங்க, விட்டுட்டா."
எதை?
"குசுங்க. வார்டே எழுந்துடுச்சு.
நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கினு சிரிக்கிறாங்க.
வயிறு கொஞ்சம் தொங்குது, கை வெச்சுப் பார்த்தேன்."

நாளைக்கு மறுபடி வீங்கும்.
அது அவளுக்கும் தெரியும்,
அதனால்தான் விடியும்வரை காத்திருக்கவில்லை.

என் கை ஹாரன் மேல் இருந்ததை
சத்தம் கேட்டபிறகுதான் பார்த்தேன்.
பின்னால் ஒருவன் அடித்தான். அதற்குப் பின்னால் இன்னொருவன்.
எண்ணூர் வரைக்கும் என்ஜின்கள் இருமிக்கொண்டு எழுந்தன,
கிளீனர் பையன்கள் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார்கள்.

நெல்லூர்க்காரர் இறங்கி வந்தார்.
"கேட் விட்டுட்டானா தம்பி?"
இல்லண்ணே, என் பொண்ணு,
என்று ஆரம்பித்து
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
அப்படியே சொன்னேன்.

பீடி ஒரு இழுப்பு எரிகிற நேரம் நின்றார்.
"ஏழு வயசா" என்றார்.
போய்த் தன் வண்டியில் ஏறி
நீளமாக ஒரு தடவை அடித்தார்.

முன்னால் இருக்கிற டிரெய்லர் நகரவில்லை.